முதலில் கொத்தும் கோழி

விடியற்காலை நாலரை மணிக்கு மருதாசலத்தின் வீட்டில் அத்தனை விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தன. கூடம், சமையலறை, படுக்கையறைகள், போர்டிகோ, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை பல்பு வரைக்கும் எதுவும் பாக்கியில்லை.

கல்லூரியில் படிக்கும் மகன் ஈஸ்வர் போர்வையைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தான்.

"ஏனுங்கப்பா, எங்காச்சும் தீப்பிடிச்சிருச்சுங்களா?"

"தீயுமில்ல, திருடனுமில்ல. டைமர் போட்டிருக்கறேன்" என்றார் மருதாசலம். அவர் ஏற்கெனவே குளித்து, திருநீறு பூசி, கையில் விசிலோடு நின்றிருந்தார். "பண்ணையில கோழிக்கு நாலரைக்குத்தான் லைட்டு. அதுக எந்திரிச்சு, தண்ணி குடிச்சு, நேரத்துக்குத் தீவனம் எடுத்துக்கிட்டு எப்படி இருக்குதுக பாரு. ஒண்ணாச்சும் தும்முதா? இனிமே நம்ம ஊட்டுலயும் அப்படித்தான்."

மனைவி ராஜம்மாள் கொண்டையை முடிந்துகொண்டே வந்தாள். "அதுக முட்டை போடறதுக்கு எந்திரிக்குதுங்க. நாங்க எந்திரிச்சு என்ன போடறது?"

"நடை போடோணும்" என்று சொல்லி மருதாசலம் விசிலை ஊதினார்.

மகள் ஷாலினி மட்டும் எழுந்திருக்கவில்லை. தலையணைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, "பண்ணையில தூங்கற கோழிய என்னங்கப்பா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"சீக்குக் கோழின்னு தனிக் கூண்டுல போட்டுருவேன், சாமி."

அவளும் எழுந்துவிட்டாள்.

மருதாசலத்துக்கு மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் தோட்டமும், தோட்டத்துக்குள் வீடும், வீட்டுக்குப் பின்னால் முட்டைக் கோழிப் பண்ணையும் இருந்தன. ஷெட்டு ஷெட்டாக ஆயிரக்கணக்கான கோழிகள். அவற்றை அவர் பார்த்துக்கொள்கிற அழகை நாமக்கல் வரைக்கும் பேசுவார்கள். வாசல் தொட்டியில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் கால் நனைக்காமல் ஒருவரும் பண்ணைக்குள் போக முடியாது. தண்ணீர் சுத்தம், தீவனம் அளவு, தடுப்பூசி ஒரு நாள் தள்ளிப் போகாது.

தன் உடம்பு விஷயத்தில் மட்டும் அவருக்கு வேறு சட்டம். டீக்கு மூன்று கரண்டி சக்கரை. சாப்பிட்டு எழுந்ததும் ஒரு இனிப்பு. நடை என்பது வாசலுக்கும் காருக்கும் நடுவில். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் சிகரெட்டை விடச் சொன்னார். மருதாசலம் டாக்டரை விட்டுவிட்டார். பிறகு இருமல் தாங்காமல் சிகரெட்டையும் விட்டார் என்றாலும், "ஒருத்தன் சொல்லி உடல, நானா உட்டேன்" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். "எனக்கென்னப்பா, இரும்பு" என்பார். இரும்பும் துருப்பிடிக்கும் என்று அவரிடம் எடுத்துச் சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது.

அப்படிப்பட்டவர் திடீரென்று விசிலும் கையுமாக நின்றதற்குக் காரணம், போன வாரம் கல்யாண மண்டபத்தில் பண்ணைக்காரர் குடும்பங்களுக்காக நடந்த ரத்தப் பரிசோதனை முகாம். மத்தியானச் சாப்பாடு உண்டு என்றதால் மருதாசலமும் போனார். கோழிகளுக்கு அலுக்காமல் ஊசி போடுகிற மனிதர், தன் கைக்கு ஊசி வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு மனைவியின் விரல்களை நெரித்தார்.

முடிவுகள் ஷாலினியின் போனுக்கு வந்தன. அவள் படித்தாள். முகம் வெளுத்தது. சமையலறைக்குள் போய் அம்மாவிடம் வெகுநேரம் பேசிவிட்டு வெளியே வந்து சொன்னாள்.

"அம்மாவுக்குச் சக்கரைங்கப்பா. ரொம்ப ஏறியிருக்குதுங்க. மூணு மாசத்துல எறங்கலைன்னா தெனமும் ஊசிதான்னு டாக்டர் சொல்லிட்டாருங்க."

"எனக்கு?"

"உங்களுக்கென்னுங்கப்பா, இரும்பு."

அன்றைக்கு மருதாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. ராஜம்மாள் இல்லாவிட்டால் அவருக்குத் தன் வேட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அந்தப் பண்ணையே, அவள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஐந்நூறு குஞ்சுகளோடு ஆரம்பித்ததுதான். அவளுக்குத் தினமும் ஊசியா? "உட மாட்டேன்" என்று எழுந்தவர், தனக்குத் தெரிந்த ஒரே டாக்டருக்குப் போன் போட்டார். அவர் ஜீவானந்தம், கோழி டாக்டர்.

"டாக்டர், எடை எழுபது கிலோ. சக்கரை இருக்குது. தீவனத்துல என்ன மாத்தலாம்?"

"எழுபது கிலோவா? சார், அது என்ன ரகம்?"

"ரகமா? பள்ளிபாளையம்."

"சார், ஊட்டுக்காரம்மாவைங்களா சொல்றீங்க?"

"வேற யாரை?"

"நான் கோழி டாக்டருங்க."

"கோழியக் காப்பாத்தத் தெரிஞ்சவருக்கு மனுசனக் காப்பாத்தத் தெரியாதுங்களா? என் பண்ணையில ஒரு சீக்கு இல்ல. என் ஊட்டுல பாருங்க. பையனுக்கு வருசம் பூரா சளி, புள்ளைக்குத் தலைவலி, இவளுக்குச் சக்கரை. எனக்கே அவமானமா இருக்குது."

டாக்டர் ஜீவானந்தம் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை வைத்தார். மறுநாள் காலையில் அவரே நேரில் வந்தார். ராஜம்மாள் கொடுத்த மோரைச் சமையலறை வாசலில் நின்று நிதானமாகக் குடித்துவிட்டு, பண்ணையில் இருந்த மருதாசலத்திடம் போனார்.

"நேத்து ஒண்ணு சொல்ல மறந்துட்டனுங்க. புதுத் தீவனம் போட்டா கூட்டம் சந்தேகமாத்தான பாக்கும்?"

"ஆமாங்க."

"ஏதோ ஒரு கோழி முதல்ல வந்து கொத்தும். அதைப் பாத்துத்தான் மத்ததெல்லாம் கொத்தும். உங்க ஊட்டுல அந்தக் கோழி நீங்கதானுங்க. அம்மா என்ன சாப்பிடோணுமோ அதை நீங்க முதல்ல சாப்பிடோணும். அவிங்க நடக்கோணும்னா நீங்க முன்னால நடக்கோணும்."

மருதாசலத்துக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு கூட்டத்துக்கே தலைமைக் கோழியாக இருப்பதில் அவருக்கு மறுப்பு இல்லை.

இப்படித்தான் நாலரை மணி விளக்கு வந்தது. அன்று நால்வரும் ஷெட்டுகளுக்கு இடையே வரிசையாக நடக்கப் புறப்பட்டபோது, எதிர்த் தோட்டத்துப் பொன்னாயி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். விடியுமுன்னே ஒரு வீடு முழுக்க விளக்கு எரிந்தால் ஒன்று அது கல்யாணம், இல்லாவிட்டால் இழவு. பொன்னாயிக்குக் கல்யாணப் பத்திரிகை வரவில்லை.

"அய்யோ ராஜு! நேத்து சாயங்காலங்கூட முட்டை வண்டிகிட்ட நின்னு பேசிட்டிருந்தாரே! இப்படித் திடீர்னு..." என்று ராஜம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதவள், பக்கத்தில் விசிலோடு நின்ற மருதாசலத்தை அண்ணாந்து பார்த்ததும் வீறிட்டுக் கத்தினாள். அந்தச் சத்தத்தில் முதல் ஷெட்டுக் கோழிகள் எல்லாம் சேர்ந்து கத்தின.

"நான் உசுரோடதான் இருக்கறேன், பொன்னாயக்கா."

"அப்புறம் எதுக்குய்யா இத்தனை வெளிச்சம்?"

இதற்கு மருதாசலம் ஒரு வழி கண்டுபிடித்தார். பண்ணையில் குளிர்காற்று அடித்தால் ஷெட்டுகளுக்குச் சாக்குப் படுதா கட்டுவது வழக்கம். அதே படுதாவை வீட்டு ஜன்னல்களுக்கும் கட்டினார். வெளிச்சம் வெளியே தெரியவில்லை. வீட்டில் ஆள் இருப்பதும் தெரியவில்லை. பால்காரர் வந்து பார்த்து, குடும்பத்தோடு கோயில் குளத்துக்குப் போய்விட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போனார். பொன்னாயியும் ஆமாம் போட்டிருக்கிறாள். இது தெரியவரும் முன்னால் நாலைந்து நாள் வீட்டில் எல்லோரும் வரக்காப்பி குடித்தார்கள்.

"எனக்கு இதுதானுங்க நல்லது. நீங்க முதல்ல குடிங்க" என்று ராஜம்மாள் சக்கரையில்லாத வரக்காப்பியை அவர் முன்னால் வைத்தாள்.

தலைமைக் கோழி முகத்தைச் சுளிக்காமல் குடித்தது.

உண்மையைச் சொன்னால், மருதாசலத்துக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. அவருக்கா சக்கரை? அவளுக்குத்தானே! கூட்டத்துக்கு முன்னால் ஒழுங்காக இருந்தால் போதும், கூட்டம் பார்க்காத இடத்தில் ஒரு டீ குடித்தால் யாருக்கு நஷ்டம்? இப்படி யோசித்துக்கொண்டு, தீவன மில்லுக்குப் போகிற சாக்கில் பஸ் நிறுத்தத்துக் காளிதாஸ் டீக்கடைக்குப் போனார்.

"ஸ்ட்ராங்கா ஒண்ணு போடு, காளிதாசு. சக்கரை தூக்கலா."

காளிதாஸ் கையைப் பிசைந்தான். "சக்கரை தீந்துபோச்சுங்கண்ணா. இப்பத்தான்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த முட்டை லாரி டிரைவர் மதியழகன் தன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு வேப்பங்காயைக் கடித்தவன் மாதிரி அவரைப் பார்த்தான்.

அடுத்த முறை போனபோது சக்கரையில் எறும்பு விழுந்துவிட்டது. அதற்கடுத்த முறை கடைக்கு மளிகை வண்டி வரவில்லை. "வெல்லமாச்சும் இருக்குதா?" என்று கேட்டார். வெல்லமும் இல்லை. "பன்னு?" என்று கேட்டார். அது முந்தாநாள் பன்னுங்கண்ணா, உங்களுக்கு எப்படிக் கொடுக்கறது என்று காளிதாஸ் அக்கறையோடு மறுத்துவிட்டான். 'இந்த நிர்வாகத்தை வைத்துக்கொண்டு இவன் எப்படிக் கடை நடத்துகிறான்' என்று மருதாசலத்துக்கு ஆச்சரியமாக இருந்தது.

வீட்டிலோ தீவனப் பிரச்சினை முளைத்தது. கம்பு, சோளம், ராகி, கொள்ளு எல்லாம் கலந்து ஒரு மாவு அரைத்து, ராத்திரிக்குக் களி என்று முடிவு செய்திருந்தார். மிக்சியில் அரைத்த மாவு நறநறவென்று இருந்தது. "தொண்டைக்குள்ள போக மாட்டேங்குதுங்கப்பா" என்று பிள்ளைகள் முறையிட்டார்கள். உடனே மருதாசலம் பண்ணையின் தீவன மெஷினைக் கழுவச் சொல்லி, வீட்டுத் தானியத்தை அதில் போட்டு, பட்டுப் போல அரைத்து, மூட்டை கட்டி, கிடங்கில் வைத்தார். மூட்டை எல்லாம் ஒரே மாதிரி மூட்டை. மாவும் ஏறக்குறைய ஒரே நிறம்.

அன்று ராத்திரி களி வந்தது. தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து அவரையே பார்த்தார்கள். போனையெல்லாம் வேறு அறையில் வைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிட வேண்டும் என்பதும் அவருடைய புதுச் சட்டம்.

"நீங்க ஆரம்பிங்க" என்றாள் ராஜம்மாள்.

அவர் ஒரு உருண்டையைக் கீரைக் குழம்பில் தொட்டு விழுங்கினார். இன்னொன்று. "இன்னைக்குக் களி கொஞ்சம் கருவாட்டு வாசமா இருக்குதே, கண்ணு."

"புரதமா இருக்குமுங்க" என்றான் ஈஸ்வர், தன் தட்டைத் தொடாமல்.

"பல்லுல ஏதோ கல்லு மாதிரி..."

"நொறுங்கத் தின்னா நூறு வயசுன்னு சொல்லுவீங்கல்ல, நல்லா மென்னு தின்னுங்க" என்றாள் ராஜம்மாள். அவளும் இன்னும் கை வைக்கவில்லை.

மூன்றாவது உருண்டை பாதியில் இருக்கும்போது, கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பாவாயி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ஐயா, ஊட்டுக்கு வந்த மூட்டை ரெண்டாம் ஷெட்டு மூட்டைங்க! கருவாட்டுத் தூளும் கிளிஞ்சத் தூளும் போட்டதுங்க!"

மருதாசலத்தின் கை வாய்க்கு வரும் வழியில் நின்றது. "அப்ப ஊட்டு மாவு?"

"சாயங்காலமே கோழிக்குப் போட்டாச்சுங்க." பாவாயி கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னாள். "அதுக நல்லா ரசிச்சுத்தானுங்க தின்னுச்சுக."

அன்றைக்கு அந்த வீட்டில் எழுந்த சிரிப்பு எதிர்த் தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும். ஷாலினி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ராஜம்மாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கடைசியில் மருதாசலமும் சிரித்துவிட்டார். ஆனாலும் ஒரு பயத்தில் கோழி டாக்டருக்குப் போன் செய்தார்.

"கவலைப்படாதீங்க சார்" என்றார் ஜீவானந்தம். "கிளிஞ்சல் எலும்புக்கு நல்லதுதான். முட்டை வெக்கற மாதிரி இருந்தா மட்டும் கூப்பிடுங்க."

இதோடு அவர் அடங்கியிருக்கலாம். அடங்கவில்லை. ஈஸ்வரின் சளி குறைந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. வெளிக் கிருமி வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்று, பண்ணை வாசலில் இருப்பது போலவே வீட்டு வாசற்படிக்கு முன்னால் ஒரு அகலமான தொட்டியைப் போட்டு, பெர்மாங்கனேட் கலந்த ஊதாத் தண்ணீரை நிரப்பினார். பக்கத்தில் முட்டை லாரிகளுக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயர் ஒன்று. அதில் வேப்பிலைத் தண்ணீர்.

"ஏனுங்க, இன்னும் அலகு வெட்டறது ஒண்ணுதான் பாக்கி" என்றாள் ராஜம்மாள். "அதையும் பண்ணிட்டீங்கன்னா நான் பேசாம இருந்துக்குவேன்."

தொட்டி வைத்த மூன்றாம் நாள் பள்ளிபாளையத்திலிருந்து அவளுடைய அண்ணன் அங்கமுத்து காரில் வந்து இறங்கினார். புது வீடு கட்டிக் குடிபுகப் போகிறார். பத்திரிகை வைக்க வந்த மனிதர், பளபளவென்று வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பெரிய இனிப்புப் பெட்டி. தங்கையைக் கண்ட சந்தோஷத்தில் கீழே பார்க்காமல் வீசி நடந்தவர், முழங்கால் வரைக்கும் ஊதாத் தண்ணீரில் இறங்கினார்.

"அட, இதென்ன மாப்ளே!"

"அப்படியே நில்லுங்க மச்சான், நல்லா நனையட்டும்" என்ற மருதாசலம் ஸ்பிரேயரை எடுத்துத் தலையிலிருந்து கால் வரை அடித்தார். "கையத் தூக்குங்க. திரும்புங்க. அந்தப் பக்கம்."

அங்கமுத்து கைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். இனிப்புப் பெட்டி தலைக்கு மேலே இருந்தது. "நான் தங்கச்சியப் பாக்க வந்தனா, முட்டை லோடு ஏத்த வந்தனா? இன்னும் பன்னெண்டு ஊட்டுக்குப் பத்திரிகை வெக்கோணும், மாப்ளே!"

"போற ஊட்டுலயெல்லாம் சுத்தமான ஆளுன்னு உங்களை மெச்சுவாங்க."

ராஜம்மாள் ஓடிவந்து அண்ணனைத் துடைத்தாள். ஊதா போய்ப் பழுப்பாகிவிட்ட அந்த வேட்டியை எந்தச் சோப்பாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மருதாசலத்தின் வேட்டி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். இனிப்புப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள் ராஜம்மாள். மருதாசலம் அதற்குள் அதைக் கைப்பற்றியிருந்தார்.

"வெளித் தீவனம் ஊட்டுக்குள்ள வரக்கூடாது. நானே அப்புறப்படுத்திடறேன்" என்று கண்டிப்பாகச் சொல்லி, பெட்டியோடு கிடங்குக்குப் போய், சோயா மூட்டைகளுக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார். மைசூர்பாகு. பெட்டி மூடியிருந்தபோதே நெய் வாசம் வந்தது. சாயங்காலம் தீவனக் கணக்கு பார்க்கிற பாவனையில் தனியாகக் கிடங்குக்குப் போய் மூட்டைக்குப் பின்னால் கையை விட்டார். வெறும் சுவர்தான் இருந்தது.

"அதுங்களா?" என்றாள் பாவாயி. "எலி மோந்திருச்சுங்கய்யா. செத்த கோழி போடற குழியில போட்டு மேல சுண்ணாம்பு தூவிட்டனுங்க."

"அத்தனையும்?"

"அத்தனையுமுங்க. நீங்கதான சொல்லுவீங்க, எலி தொட்டதை ஒரு பருக்கை வெக்கக் கூடாதுன்னு."

அவர் சொன்னதுதான். தன் சட்டமே தன் மைசூர்பாகைக் கொன்றுவிட்டது.

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. விளக்கெல்லாம் எரிந்தது. மருதாசலம் போர்வைக்குள் கிடந்தார். "இன்னைக்கு நடை வேண்டாம். போதும். என்ன பெரிய நடை."

ராஜம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "சரிங்க. எனக்கும் தலை கிறுகிறுங்குது. நான் போயிட்டா, உங்க வேட்டியெல்லாம் நடு அலமாரியில இருக்குதுங்க. பனியன் கீழ்த் தட்டுல."

மருதாசலம் துள்ளி எழுந்து விசிலைத் தேடினார்.

அன்று பிள்ளைகளைப் பின்னால் விட்டுவிட்டு அவர்கள் இருவரும் முன்னால் நடந்தார்கள். கிழக்கு லேசாகச் சிவந்திருந்தது. ஷெட்டுகளில் கோழிகள் தீவனத்தைக் கொத்துகிற சத்தம் தூறல் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு ஒரு கவலை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மூட்டை எடை போடும் மேடையில் குடும்பத்தையே நிறுத்தி எடை பார்த்துவந்தார். அவருடைய எடைதான் மளமளவென்று குறைந்தது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ராஜம்மாள் இம்மியும் குறையவில்லை. சக்கரை மட்டும் எப்படிக் குறையப் போகிறது?

"ராஜு" என்றார். "எனக்குப் பயமா இருக்குது, புள்ள. எனக்கு ஒண்ணுன்னாக்கூடப் பரவாயில்ல. நீ இல்லாம எனக்கு ஒரு நாளும் ஓடாது."

முப்பது வருஷத்தில் அவர் இப்படிப் பேசியதில்லை. ராஜம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாதுங்க. நீங்க இப்படியே நடங்க, போதும்" என்றாள். குரல் கம்மியிருந்தது. பாவம், சீக்கை நினைத்து அழுகிறாள் என்று மருதாசலம் தன் நடையை இன்னும் வேகமாக்கினார்.

அதற்குப் பிறகு அவர் டீக்கடைப் பக்கம் போகவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், போக வேண்டும் என்றும் தோன்றவில்லை. விளக்கு எரியும் முன்னாலேயே விழிப்பு வந்தது. மாடிப்படி ஏறினால் இரைக்கவில்லை. கம்மங்கூழில் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடிப்பது ருசியாகக்கூட இருந்தது. ராத்திரி நால்வரும் வட்டமாக உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் பேசிச் சாப்பிட்டார்கள். ஷாலினியின் தலைவலி போன இடம் தெரியவில்லை. பொன்னாயிகூட, "விசில் சத்தத்துல தூக்கம் கெட்டதுதான் கெட்டுப்போச்சு" என்று காலை நடைக்கு வந்து சேர்ந்துகொண்டாள்.

மூன்று மாதம் முடிந்தது. மல்லசமுத்திரத்தில் உள்ள ஒரு பரிசோதனை நிலையத்துக்குக் குடும்பமே போயிற்று. மருதாசலம் வழியெல்லாம் கந்தசாமி கோயில் முருகனுக்கு வேண்டிக்கொண்டு வந்தார்.

"எனக்கு ஊசின்னாப் பயமுங்க. நீங்க முதல்ல கையை நீட்டுங்க. அப்பத்தான் எனக்குத் தைரியம் வரும்" என்றாள் ராஜம்மாள்.

"எனக்கு எதுக்கு, புள்ள?"

"முதல்ல கொத்தற கோழி நீங்கதானுங்களே?"

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். பிறகு ராஜம்மாள் திரைக்குப் பின்னால் போய், முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் ஷாலினியின் போன் சிணுங்கியது. அவள் போனைப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள், பிறகு வாசல் வரைக்கும் குதித்துக்கொண்டு ஓடினாள்.

"நார்மலுக்கு வந்திருச்சுங்கம்மா! ஊசி வேண்டாம்! ஒண்ணும் வேண்டாம்!"

ராஜம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். ஈஸ்வர் அப்பாவைக் கட்டிக்கொண்டான். மருதாசலத்துக்கும் கண் நிறைந்துவிட்டது. அவர் மனைவியின் தலையைத் தடவினார்.

"அழுவாத, ராஜு. அதுதான் எறங்கிருச்சல்ல? எல்லாம் கண்காணிப்பு. நான் இல்லீன்னா இந்த ஊட்டுல ஒருத்தராச்சும் ஒழுங்கா இருந்திருப்பீங்களா?"

"இல்லீங்க" என்றாள் ராஜம்மாள், அழுகையும் சிரிப்புமாக. "சத்தியமா இல்லீங்க."

இந்தச் சந்தோஷத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள மருதாசலத்தால் முடியவில்லை. "காளிதாஸ் கடை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாரேன்" என்று கிளம்பினார். காரைத் தொடவே இல்லை. வழியில் கண்ட எல்லோரிடமும், பெண்டாட்டிக்குச் சக்கரையை இறக்கிய கதையைச் சொன்னார். எல்லோரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, அவரையே ஏற இறங்கப் பார்த்து, "நல்லா இருங்க, நல்லா இருங்க" என்று வாழ்த்தினார்கள். ஊருக்கு நம் மேல் இத்தனை பிரியமா என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

டீக்கடையில் மதியழகனும் இன்னும் நாலைந்து பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவரைக் கண்டதும் எல்லோரும் எழுந்து கையைத் தட்டினார்கள். மருதாசலம் கைகூப்பினார்.

"எல்லாருக்கும் என் கணக்குல டீ, காளிதாசு. எனக்கு மட்டும் சக்கரை வேண்டாம். பழகிருச்சு."

காளிதாஸ் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அண்ணி இப்பத்தானுங்கண்ணா போன் பண்ணுச்சு, உங்க சக்கரை நார்மலுக்கு வந்திருச்சுன்னு. இனியாச்சும் இந்தச் சக்கரை டப்பாவ வெளிய எடுத்து வெச்சுக்கட்டுங்களா?"